கதே கண்ட உரோமைக் களியாட்டம்: பார்வையாளனின் எல்லைகள்

ஈழத்துப் பேச்சு வழக்கிலே ‘கார்னிவல்’ என்ற சொல் இராட்டினங்களையும் விளையாட்டுக் கடைகளையும் கொண்ட நிதி திரட்டும் பொருட்காட்சியையே குறிக்கின்றது. ஆயின் கத்தோலிக்க ஐரோப்பாவில் அது விபூதிப் புதனுக்கு முந்திய நாள்களின் களியாட்டத்தைக் குறிக்கும். தபசு காலத்தின் நோன்புக்கும் ஒடுக்கத்துக்கும் முன்னர், உண்டும் குடித்தும் வேடம் புனைந்தும் நகரமே தெருவுக்கு வரும் காலம் அது. அண்மைக் காலத் திறனாய்வில் இவ்விழா ஓர் ஆய்வுக் கருவியாகவே மாறிவிட்டது. உருசியத் திறனாய்வாளர் மிகெயில் பக்தின் ரபலே பற்றி எழுதி 1965இல் வெளிவந்த நூலே இதற்கு முதற் காரணம் எனலாம். அந்நூல் தன் கருத்துகளை நிறுவுவதற்குப் பெரிதும் பயன்படுத்திய சான்றுகளுள் ஒன்று, ஜேர்மனியப் பெருங்கவிஞரான கதே எழுதிய ‘உரோமைக் களியாட்டம்’ என்னும் சிறு நூலாகும். எனவே அந்நூலை மீள நோக்குதல் பக்தினின் கோட்பாட்டை எடைபோடுவதற்கும் உதவும்.

கதே 1786ஆம் ஆண்டின் இறுதியில் உரோமை வந்தடைந்தார். 1787 பெப்ரவரியில் அங்கு நிகழ்ந்த களியாட்டத்தை முதன்முறை கண்டபோது அவருக்கு அது உவப்பளிக்கவில்லை. ஒருமுறை கண்டவர்க்கு மீண்டும் காணும் ஆசை அற்றுப்போகும் என்ற கருத்துப்படவே அவர் அப்பொழுது குறித்துள்ளார். அடுத்த ஆண்டு, 1788இல், அதே தெருவில் அதே விழாவை மீண்டும் கண்டார். அதன் பயனாக விளைந்த நூல் 1789இல், இருபது வண்ணப் படங்களுடன், வெளிவந்தது. வெறுத்தவர் ஓராண்டுக்குள் அதனை விரிவாக எழுத முற்பட்டதேன் என்ற வினாவே இந்நூலுட் புகுவதற்கான வாயிலாகும்.

இதற்கான விடை நூலின் அமைப்பிலே கிடைக்கின்றது. புதிதாக வரும் அந்நியனுக்கு இவ்விழா முழுமையான தோற்றத்தையோ இனிமையான உணர்வையோ தருவதில்லை என்று தொடக்கத்திலேயே கதே ஒப்புக்கொள்கிறார். நீண்டு ஒடுங்கிய தெரு, எண்ணற்ற மக்கள், காதைப் பிளக்கும் ஆரவாரம் ஆகியனவே அந்நியன் காண்பன. இக்குழப்பத்தை அவர் சிறு சிறு தலைப்புகளாகப் பகுத்து விடுகிறார். தெரு, முகமூடிகள், வண்டிகள், நெரிசல், குதிரை ஓட்டம், இரவு, விபூதிப் புதன் என்றவாறு நூல் நகர்கின்றது. தாவரங்களின் வடிவ மாற்றத்தை ஆராய்ந்த அதே மனமே ஈண்டும் தொழிற்படுகின்றது எனலாம். ஒழுங்கின்மையின் உள்ளே ஓர் ஒழுங்கு உண்டு. அதனை முதல் ஆண்டின் கண் காணவில்லை, இரண்டாம் ஆண்டின் கண் கண்டது. பயண இலக்கியம் முதற் பார்வையின் வியப்பிலே தங்கியுள்ளது என்ற பொதுக் கருத்தை இந்நூல் மறுக்கின்றது.

நூல் தரும் செய்திகள் செறிவானவை. பொப்போலோ சதுக்கத்திலிருந்து வெனீசியா மாளிகை வரை செல்லும் கொர்சோ வீதியே விழாக் களம். நண்பகல் கழிந்ததும் கப்பித்தோல் குன்றின் மணி ஒலிக்க, வேடம் புனையும் உரிமை பிறக்கின்றது. ஆடவர் பெண்வேடமும் பெண்டிர் ஆண்வேடமும் பூணுவர். வழக்கறிஞர் வேடம் பூண்டவன் எதிர்ப்படுவோர் அனைவர் மீதும் வழக்குத் தொடுப்பதாக மிரட்டுவான். முன்னர் இனிப்பு உருண்டைகளை எறிந்த மக்கள், அவற்றின் விலை கருதிச் சுண்ணச் சாந்து உருண்டைகளை எறிவர். மாலையில் சவாரி செய்வோரின்றிக் குதிரைகள் வீதி நெடுகப் பாய்ந்தோடும். இறுதி நாளிரவில் ஒவ்வொருவரும் மெழுகுதிரி ஏந்தி, பிறர் சுடரை அணைக்க முயல்வர். திரி ஏந்தாதவன் சாகட்டும் என்பதே அன்றைய கூச்சல். தந்தையின் திரியை ஊதி அணைக்கும் சிறுவனும் அவ்வாறே கூவுகிறான். அவனைக் கண்டிக்கும் உரிமை அன்று தந்தைக்கு இல்லை.

இக்காட்சியே பக்தினைப் பெரிதும் கவர்ந்தது. சாபமும் வாழ்த்தும், சாவும் பிறப்பும் ஒரே கூவலில் இணைவதை அவர் இதிலே கண்டார். மக்களுக்கு மேலிருந்து அளிக்கப்படாது மக்கள் தமக்குத் தாமே அளித்துக்கொள்ளும் விழா இது என்ற கதேயின் கருத்தும் அவருக்கு உவப்பானது. களியாட்டத்தில் மேடையும் இல்லை, பார்வையாளரும் இல்லை. யாவரும் அதனுள் வாழ்கின்றனர் என்பது பக்தினின் முடிபு.

ஆயின் கதேயின் நூலை முழுமையாக நோக்குமிடத்து இம்முடிபு ஐயத்துக்குரியதாகின்றது. வீதியோரங்களில் இருக்கைகளை வாடகைக்கு விடுவோரைக் கதே காட்டுகிறார். குதிரைகள் புறப்படும் இடத்தில் அமைக்கப்பட்ட பார்வை மேடைகளையும் காட்டுகிறார். ஆளுநரின் வண்டி பரிவாரத்துடன் செல்கிறது. காவலர் தெருவைச் சீர் செய்கின்றனர். மணியொலியுடன் தொடங்கும் சுதந்திரம் அம்மணியை அடிப்பிக்கும் அதிகாரத்தின் எல்லைக்குட்பட்ட சுதந்திரமே. பணம் கொடுத்து அமர்வோரும் பணத்துக்காகக் கூவுவோரும் ஒரே தெருவில் நின்றாலும் ஒரே விழாவைக் கொண்டாடவில்லை.

இதனினும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. இரண்டாம் பவுல் பாப்பரசரின் காலத்தில், 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், கொர்சோ வீதி ஓட்டங்கள் களியாட்டத்தின் பகுதியாயின. அவற்றுள் யூதர் ஓட்டமும் ஒன்றாகும். காலப்போக்கில் அது திரண்டு நிற்போரின் ஏளனத்துக்கு யூதரை இலக்காக்கும் கொடுமையாயிற்று. 1668இல் ஒன்பதாம் கிளெமென்ற் பாப்பரசர் அதனை நிறுத்தினார். பதிலாக யூத சமூகம் ஆண்டுதோறும் வரி செலுத்த வேண்டியதாயிற்று. 1555 முதல் மதிலுக்குள் அடைக்கப்பட்டிருந்த அச்சமூகத்துக்குக் களியாட்டம் தலைகீழாக்கிய உலகமன்று. வழமையான உலகத்தின் மிகையான வடிவமே. விழாவை ‘மக்கள்’ தமக்கே அளித்துக்கொள்கின்றனர் என்னுமிடத்து, அம்மக்கள் யார் என்ற வினா எழாமற் போகாது.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் லெ ருவா லதூரி 1979இல் வெளியிட்ட ‘ரோமான்ஸ் நகரக் களியாட்டம்’ என்ற ஆய்வையும் ஈண்டு ஒப்புநோக்கலாம். 1580ஆம் ஆண்டில் அச்சிறு நகரின் கைவினைஞர் களியாட்ட வேடங்களினூடாகத் தம் எதிர்ப்பைப் புலப்படுத்தினர். மேல்தட்டினரோ அதே விழாவைப் பயன்படுத்தி அவர்களின் தலைவனைக் கொன்று எதிர்ப்பை நசுக்கினர். களியாட்டம் இயல்பாகவே விடுதலையுமன்று, இயல்பாகவே அடக்குமுறைக் கருவியுமன்று. அது சமுதாய முரண்பாடுகள் மோதும் களம் என்பதே வரலாறு உணர்த்துவது.

இவ்வகையிற் கதேயின் இறுதிப் பகுதி மனங்கொளத்தக்கது. விபூதிப் புதனன்று அவர் அமைதியாகச் சிந்திக்கிறார். ஒடுங்கிய வீதி வாழ்க்கைப் பாதையாகின்றது. நெரிசல் மனித வாழ்வாகின்றது. சுதந்திரமும் சமத்துவமும் வெறியின் மயக்கத்தில் மட்டுமே நுகரத்தக்கவை என்று அவர் உரைக்கிறார். இந்நூல் வெளிவந்த அதே 1789ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி பாரிசில் பஸ்தீல் சிறை வீழ்ந்தது. அச்சொற்கள் களியாட்டத்தின் சில நாள்களுக்கு உரியவையல்ல, அரசியல் யாப்புக்கு உரியவை என அங்கு முழங்கப்பட்டது. கதேயின் முடிபை வரலாறு விரைவிலேயே கேள்விக்குள்ளாக்கியது. தெருவின் முரண்பாடுகளை நுணுகிக் கண்ட கண், அவற்றைப் பொது மானிட விதியாக மாற்றிச் சாந்தியடைந்துவிட்டது. இதுவே பார்வையாளனின் எல்லை.

எனினும் இவ்வெல்லையைக் கொண்டு நூலைப் புறந்தள்ளல் நேர்மையாகாது. கதேயின் முடிபை மறுப்பதற்கு வேண்டிய சான்றுகளைக் கதேயே தந்துள்ளார். வாடகை இருக்கையும் காவலரும் வண்டிகளின் வரிசையும் அவர் மறைக்காது வைத்த விவரங்கள். பக்தின் அவற்றைக் குறைவாகவே பயன்படுத்தினார். கோட்பாட்டுக்கு இயைந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் திறனாய்வு, நூலை விடக் குறைவாகவே காண்கின்றது. மக்கள் விழாக்களை ஆராயப் புகும் மாணவர், யார் ஆடுகின்றனர் என்பதோடு யாருடைய செலவில் ஆடுகின்றனர், யார் ஆட்டுவிக்கப்படுகின்றனர் என்பனவற்றையும் வினாவுதல் வேண்டும். இறுதி இரவின் மெழுகுதிரிகள் அணைந்த பின்னர் கொர்சோவில் எஞ்சியது இருள் மட்டுமன்று. மறுநாட் காலையில் தத்தம் இடங்களுக்கு மீண்ட பிரபுக்களும் பணியாளரும் மதிலுக்குள் வாழ்ந்தோருமே.