டெலவேரின் மூன்று கவுண்டிகள்: அதிகாரம் ஓரிடம், பொறுப்பு வேறிடம்

அமெரிக்காவில் மிகக் குறைந்த கவுண்டிகள் கொண்ட மாநிலம் டெலவேர். வடக்கே நியூகாசில், நடுவில் கென்ட், தெற்கே சசெக்ஸ் என மூன்றே மூன்று. 2020 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இத்தனை சிறிய மாநிலத்தில், மாநில அரசுக்கும் நகராட்சிக்கும் இடையில் கவுண்டி என்று ஓர் ஆட்சி அடுக்கு தேவையா? தேவையில்லை என்று முடிவு செய்த கனெக்டிகட், 1960இல் கவுண்டி ஆட்சியைக் கலைத்துவிட்டது. ரோட் ஐலண்டிலும் கவுண்டிகளுக்கு ஆட்சிமன்றம் கிடையாது.

டெலவேர் அவ்வளவு தூரம் போகவில்லை. பெரும்பாலான சாலைகள் 1935 முதல் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. கவுண்டி அதிகாரியான ஷெரிப்புக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. கவுண்டியிடம் எஞ்சியிருப்பவை கழிவுநீர், பத்திரப் பதிவு, உயில் பதிவு, கட்டட அனுமதி போன்றவை. இவற்றோடு, நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தீர்மானிப்பதும் சொத்துக்கு மதிப்பு போடுவதும் அதன் வேலைதான்.

இந்த ஏற்பாட்டில் நன்மை உண்டு. நியூகாசிலில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் வில்மிங்டன் நகருக்கு வெளியேதான் இருக்கிறார்கள். கவுண்டி இல்லாவிட்டால் அவர்களில் பலருக்கு உள்ளூர் ஆட்சியே இருக்காது. சசெக்ஸ் மன்றத்தில் உறுப்பினர்கள் ஐந்தே பேர். ஒரு சோள வயல் குடியிருப்பாக மாறப்போகிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரர் மன்றம் கூடும் ஜார்ஜ்டவுனுக்குப் போய்ப் பொது விசாரணையில் நேருக்கு நேர் பேசலாம்.

கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. வீடுகளுக்கு அனுமதி தருவது கவுண்டி. அந்த வீடுகளின் கார்களைச் சுமக்கும் சாலையை அகலப்படுத்த வேண்டியது மாநிலம். கோடையில் ரிஹோபத் கடற்கரைக்குப் போகும் ஒன்றாம் எண் சாலை திணறும்போது, இரு தரப்பும் ஒன்றையொன்று கைகாட்ட முடிகிறது.

சொத்து மதிப்பீட்டில் சேதம் இன்னும் அதிகம். நியூகாசில் 1983ஆம் ஆண்டு மதிப்பையும், கென்ட் 1987ஆம் ஆண்டு மதிப்பையும், சசெக்ஸ் 1974ஆம் ஆண்டு மதிப்பையும் பல பத்தாண்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. சசெக்ஸில் 2019இல் கட்டிய வீட்டுக்கும் 1974 விலையில் கணக்குப் போட்டார்கள். கடலோரத்தில் விலை பல மடங்கு ஏறிய வீட்டுக்காரருக்கு இது சலுகை; விலை மெதுவாக ஏறிய உள்பகுதிக்காரருக்குச் சுமை. பள்ளி மாவட்டங்களின் உள்ளூர் வரியும் இதே மதிப்பீட்டைத்தான் நம்பியிருக்கிறது. மதிப்பு நகராததால், கூடுதல் பணத்துக்கு அவை வாக்காளர்களிடம் ஒப்புதல் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. மறுமதிப்பீடு செய்தால் வரி கூடியவர்களின் கோபம் கவுண்டி மீது பாயும். செய்யாவிட்டால் நட்டம் பள்ளிக்கு. கவுண்டி ஏன் அசையவில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

2020இல் நீதிமன்றம் இந்த முறை சட்டத்துக்குப் புறம்பானது என்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுமதிப்பீடு வேண்டும் என்று 2023இல் சட்டம் வந்தது. நியூகாசிலில் 2025இல் புதிய வரிச்சீட்டுகள் வந்ததும் வீட்டுக்காரர்கள் கொதித்தெழ, ஆகஸ்டில் சட்டமன்றமே சிறப்பாகக் கூட வேண்டியதாயிற்று.

இதற்காகக் கவுண்டியை ஒழிக்கத் தேவையில்லை. நிலத்தைப் பற்றிப் பேச அருகில் ஒரு மன்றம் வேண்டும். மதிப்பீட்டுக்குக் கெடு வைத்ததுபோல, குடியிருப்பு அனுமதியையும் சாலைக்கான பணத்தோடு சட்டப்படி பிணைக்க வேண்டும். முடிவெடுப்பவரே செலவுக்கும் பதில் சொல்லும் நிலை வராதவரை, டெலவேர் கவுண்டிகளின் சீர்திருத்தம் பாதியிலேயே நிற்கும்.