பேதையா, பெருங்கலைஞனா?
காரிஞ்சாவின் வாழ்க்கை வரலாறு பற்றி ஒரு திறனாய்வு

ஒருவனை உயர்த்துவது போலத் தோன்றி அவனைத் தாழ்த்திவிடும் சொற்கள் சில உண்டு. 'குழந்தை உள்ளம் படைத்தவன்' என்பது அவற்றுள் ஒன்று. அன்போடு சொல்லப்படும்போதே அச்சொல் அவனுடைய அறிவைப் பறித்துவிடுகிறது. சில வேளைகளில் அவனுக்குச் சேரவேண்டிய கூலியையும் பறித்துவிடுகிறது. பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரர் காரிஞ்சாவுக்கு நேர்ந்தது இதுவே.

அவரைப் பற்றி ரூய் காஸ்ட்ரோ எழுதிய வாழ்க்கை வரலாறு 1995இல் போர்த்துக்கீசிய மொழியில் வெளிவந்தது. 2004இல் ஆங்கிலத்திலும் வந்தது. 'தனித்த விண்மீன்' என்பது மூலத்தின் பெயர். காரிஞ்சா ஆடிய பொத்தாஃபோகோ கழகத்தின் சின்னம் ஒற்றை விண்மீன். பெயர்ப் பொருத்தம் அதிலிருந்து வந்தது. விளையாட்டு வீரர்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வாழ்த்து மடல்களாகவே முடிந்துவிடும். இந்நூல் அந்த இனத்தைச் சேர்ந்ததன்று. எனினும் அது ஒரு பெரிய கேள்வியை எழுப்பிவிட்டு அதற்குப் பாதி விடையே தருகிறது என்பது என் கருத்து. அதை விளக்க முதலில் அவருடைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மானுவேல் பிரான்சிஸ்கோ தோஸ் சாந்தோஸ் என்பது அவருடைய இயற்பெயர். 1933 அக்டோபர் 28ஆம் நாள், ரியோ தெ ஜெனிரோ மாநிலத்தில் பாவ் கிராந்தே என்னும் நெசவாலைச் சிற்றூரில் பிறந்தார். காரிஞ்சா என்பது ஒரு சிறு பறவையின் பெயர். தமக்கை இட்ட செல்லப்பெயர் அதுவே நிலைத்தது. கால்கள் இரண்டும் ஒரே பக்கமாக வளைந்தவை. ஒன்று மற்றதினும் குட்டை. பதினான்கு வயதில் ஆலைத் தொழிலாளியானார். 1953இல் பொத்தாஃபோகோ கழகத்தில் தேர்வு ஆட்டத்துக்கு வந்தபோது, அவரைத் தடுக்க நின்றவர் நாட்டின் தலைசிறந்த இடப்புறக் காவலர் நில்ட்டன் சாந்தோஸ். வந்த இளைஞர் அவரையே ஏய்த்துக் கடந்தார். "இவனை உடனே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பரிந்துரைத்தவரும் அவரே. பின்னர் 1966 வரை அந்த ஒரே கழகத்துக்குச் சுமார் அறுநூறு ஆட்டங்கள். இருநூறுக்கு மேற்பட்ட கோல்கள். 1957, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் ரியோ வாகையர் பட்டம்.

வலப்புற ஓர ஆட்டக்காரரான அவரிடம் இருந்தது ஒரே ஒரு வித்தை என்பார்கள். பந்தை நிறுத்துவார். எதிரே காவலர் நிற்பார். உடலை இடப்புறம் சாய்ப்பார்; காவலரும் சாய்வார். மறுகணம் வலப்புறம் பாய்ந்து கோல் கோட்டை எட்டி, அங்கிருந்து பந்தைத் தம் அணியினர் காலடிக்குத் திருப்பி அனுப்புவார். வலப்புறம்தான் போவார் என்பது காவலருக்குத் தெரியும். அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எந்தக் கணத்தில் போவார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. காவலரின் உடற்பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பதைப் படித்து, அது தவறான காலுக்கு மாறும் நொடிக்காகக் காத்திருப்பதே அந்த வித்தை. இதைச் செய்பவனைப் பேதை என்று எவ்வாறு சொல்வது?

ஆயினும் சொன்னார்கள். 1958 உலகக் கோப்பைக்கு முன் அணியினரைச் சோதித்த உளவியலாளர், பெலேயும் காரிஞ்சாவும் பெரிய ஆட்டங்களுக்குத் தகுதியற்றவர்கள் என்று கருத்துரைத்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் காரிஞ்சா இடம்பெறவில்லை. மூன்றாவது ஆட்டம் ஜூன் 15இல் சோவியத் அணிக்கு எதிராக. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவருடைய உதை கம்பத்தில் பட்டுத் தெறித்தது; பெலேயின் உதையும் கம்பத்தில் பட்டது; மூன்றாம் நிமிடத்தில் வவா கோல் போட்டார். இறுதியாட்டத்தில் சுவீடன் முதல் கோலைப் போட்டு முந்தியபோது, ஒன்றைப் போலவே இருந்த இரண்டு வலப்புறப் பாய்ச்சல்களால் வவாவுக்கு இரண்டு கோல்களை எடுத்துக் கொடுத்தவரும் காரிஞ்சாவே. இடப்புறத்தில் சகாலோ பின்வாங்கி நடுக்களத்துக்கு உதவியதால்தான் வலப்புறத்தில் இவருக்கு இத்தனை உரிமை கிடைத்தது என்பதையும் மறத்தல் ஆகாது.

1962இல் சிலியில் பெலே இரண்டாம் ஆட்டத்திலேயே காயமுற்று விலகினார். அங்குதான் 'ஒரே வித்தை' என்ற பேச்சு பொய்த்தது. இங்கிலாந்துக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல், தொலைவிலிருந்து வளைத்து அடித்து ஒரு கோல். அரையிறுதியில் சிலிக்கு எதிராக இடக்காலால் ஒன்று, மீண்டும் தலையால் ஒன்று. ஆக, மற்ற வித்தைகளும் அவரிடம் இருந்தன. தேவை வந்தபோது எடுத்தார். சிலி ஆட்டத்தின் இறுதியில், அடிக்குப் பதிலடியாக எதிராளியை உதைத்து வெளியேற்றப்பட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோபப்படத் தெரிந்தவர் அவர்; வானத்துப் பறவை அல்லர். இறுதியாட்டத்தில் ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது. கோப்பையும் மீண்டும் பிரேசிலுக்கு வந்தது.

எதிர்த்து நிற்கும் காவலர்கள் அனைவரையும் 'ஜுவாவ்' என்ற ஒரே பெயரால் அவர் அழைத்தார் என்பது உலகறிந்த கதை. பெயர்களைக்கூட நினைவில் வைக்கத் தெரியாத வெள்ளை மனத்துக்கு அது சான்றாகக் காட்டப்பட்டது. அது பத்திரிகையாளர் ஒருவரின் கற்பனை என்று காஸ்ட்ரோ எடுத்துக்காட்டுகிறார். இத்தகைய கதைகளைக் களைந்து, ஒரு மனிதனை அவனுடைய முழு உருவில் நிறுத்தியது இந்நூலின் முதற்சிறப்பு. இரண்டாவது சிறப்பு, மதுவை அவர் அணுகும் விதம். குடியை ஒழுக்கக்கேடு என்று ஏசிவிட்டு நகராமல், விதி என்று பெருமூச்சு விட்டும் நகராமல், ஒரு நோயின் போக்கைப் பின்தொடர்வதுபோல் ஆண்டுக்கு ஆண்டு பின்தொடர்கிறார். தந்தையும் குடிக்கு இரையானவர் என்பதை வாசிக்கும்போது, அந்த நோய் ஒரு வீட்டிற்குள் எப்படிக் கைமாறுகிறது என்பது விளங்குகிறது. குடும்பத்தினர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்க பக்கங்கள் அவை.

குறைகளும் உண்டு. அந்தரங்க வாழ்வைப் பற்றி நூலாசிரியர் தேவைக்கு மேல் எழுதிவிட்டார். காரிஞ்சாவின் மகள்கள் வழக்குத் தொடுத்தனர். நூலின் விற்பனை சில காலம் தடைப்பட்டது. இழப்பீடு பற்றிய வழக்கு மேலும் பல ஆண்டுகள் நீண்டது. வாழ்க்கை வரலாறு எழுத முன் அனுமதி வேண்டியதில்லை என்று பிரேசில் உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரியானதே, அனுமதி பெற்றே எழுத வேண்டுமெனில் எவர் வரலாறும் உண்மையாக எழுதப்படாது. ஆனால் எழுத உரிமை உண்டு என்பது வேறு. எழுதியே ஆகவேண்டும் என்பது வேறு. குடியைச் சொல்லாமல் காரிஞ்சாவின் வீழ்ச்சியை விளக்க முடியாது. படுக்கையறையைச் சொல்லாமலே விளக்க முடியும். இறந்தவரின் பிள்ளைகள் தலைநிமிர்ந்து படிக்க முடியாத ஒரு பக்கம், வரலாற்றுக்கு என்ன சேர்த்தது என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். இங்கே இல்லை.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. தொகை எழுதாத வெற்றுத் தாளில் காரிஞ்சா ஒப்பந்தக் கையெழுத்திட்ட செய்தி அவருடைய வரலாற்றில் பலரும் அறிந்தது. கழகம் அவர் பெயரைக் காட்டி நாடு நாடாகச் சுற்றிப் பொருள் ஈட்டியது. முழங்கால்கள் தேய்ந்து வீங்கிய பின்னும் அவர் ஆடினார். 1964இல் அறுவை மருத்துவம் நடந்தபோது காலம் கடந்துவிட்டது. இச்செய்திகளையெல்லாம் நூல் தருகிறது. கூட்டிப் பார்த்துக் கணக்கைச் சொல்லத் தயங்குகிறது. 'கள்ளமில்லாதவன், காசின் அருமை அறியாதவன்' என்ற பேச்சு யாருக்கு இலாபம் தந்தது? தொகை எழுதாத தாளை நீட்டியவர்களுக்குத்தான். அந்தப் பேச்சைப் பொய்யென்று நிறுவிய ஆசிரியர், அதனால் வயிறு வளர்த்தவர்களை நோக்கி விரல் நீட்டியிருக்க வேண்டும். வீழ்ச்சியின் சுமை முழுவதையும் மதுப் புட்டியின் மீதே ஏற்றிவிட்டார்.

1966 உலகக் கோப்பையில் பல்கேரியாவுக்கு எதிராக நேருதையில் ஒரு கோல் போட்டார். அடுத்த ஆட்டத்தில் ஹங்கேரியிடம் பிரேசில் 3-1 எனத் தோற்றது. நாட்டுக்காக அவர் ஆடிய 50 ஆட்டங்களில் தோல்வி அது ஒன்றே. அதுவே இறுதியும் ஆயிற்று. பின்னர் கொரிந்தியன்ஸ், பிளமெங்கோ, ஒலாரியா என்று கழகம் கழகமாகத் தேய்ந்த கால்களோடு அலைந்தார். 1973 டிசம்பரில் மரக்கானா அரங்கில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடி விடைகொடுத்தனர். 1980இல் திருவிழா ஊர்வலத் தேர் ஒன்றில், நடப்பது இன்னதென்று உணராதவர்போல் அவர் அமர்ந்திருந்த காட்சியை நாடே கண்டது. 1983 சனவரி 20இல், 49 வயதில் இறந்தார். உடல் மரக்கானாவில் வைக்கப்பட்டது; அங்கிருந்து பாவ் கிராந்தே செல்லும் வழியெங்கும் மக்கள் திரண்டனர்.

'மக்களின் மகிழ்ச்சி' என்பது அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றின் பெயர். அதுவே அவருக்குப் பட்டமும் ஆயிற்று. தலைநகர் பிரசீலியாவின் பெரும் அரங்கமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மக்களை மகிழ்வித்தவருக்கு மக்கள் திருப்பிக் கொடுத்தது கைதட்டலும் கண்ணீரும், இரண்டும் உண்மையானவைதாம். நியாயமான ஊதியமும் உரிய மருத்துவமும் காலத்தில் கிடைத்திருப்பின் அவை இரண்டும் இன்னும் பொருளுடையவையாக இருந்திருக்கும். திறமை மிக்க ஓர் ஏழைப் பிள்ளையை 'பாவம், ஒன்றும் அறியாதவன்' என்று நாம் தட்டிக் கொடுக்கும்போது, அவனுக்கு வரவேண்டியது எங்கே போகிறது என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கச் செய்கிறது இந்நூல். குறைகளோடும் அதனை வரவேற்பதற்கு அந்த ஒன்றே போதும்.