ஐந்து பன்னிரண்டு அறுபது

12 ஓம் மின்தடையில் 5 ஆம்பியர் ஓடுகிறது; மின்தடையை 20 ஓம் ஆக்கினால்? ஐந்து பன்னிரண்டு அறுபது, இருபதால் வகுத்தால் மூன்று. பட்டாசுத் தொழில் நடக்கும் விஸ்வநத்தம் பக்கத்துப் பிள்ளைக்கு இது புதுக் கணக்கே இல்லை. 12 பேர் 5 நாளில் பின்னும் சரத்தை 20 பேர் 3 நாளில் பின்னிவிடுவார்கள் என்று ஏழாம் வகுப்பு எதிர் விகிதத்திலேயே பழகியதுதான். (சரவெடிக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, கணக்கில் பின்னினால் குற்றமில்லை.) பத்தாம் வகுப்பில் ஓம் விதி வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். மின்னழுத்தத்தைத் தனியே கண்டுபிடிக்காமலே விடை வந்துவிடுவது இம்முறையின் பெரிய வசதி.

வில்லங்கமும் அங்கேதான். பெருக்கல் பலன் மாறாது என்று எழுதும்போதே, மின்னழுத்தம் மாறவில்லை என்று சத்தமில்லாமல் ஒப்புக்கொள்கிறோம். 1.5 வோல்ட் மின்கலம், உள்தடை 0.5 ஓம். வெளியே 1 ஓம் இணைத்தால் 1 ஆம்பியர். அந்த 1 ஓமைப் பாதியாக்கினால் 2 ஆம்பியர் என்கிறது எதிர் மாறல், மீட்டர் 1.5-ஐத் தாண்டாது.

பட்டாசு ஆலையில் மருந்து அறை வாசலில் எர்த் செய்த செம்புத் தகடு இருக்கும். உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் வடிய, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பாலியஸ்டர் துணி உரசி உடம்பில் 10,000 வோல்ட் ஏறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதையின் தடை 10 லட்சம் ஓம் என்றால் தொட்ட கணத்தில் ஓடுவது 0.01 ஆம்பியர். தடையை ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால் 10 ஆம்பியர். இதுவரை எதிர் மாறல் சரியே. ஆனால் பின்னால் நின்று மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க இங்கே மின்மூலம் எதுவும் கிடையாது. மனித உடம்பு சேர்த்துவைப்பது கொஞ்ச மின்னூட்டம்தான். 10 லட்சம் ஓம் வழியாகவே ஒரு மில்லி வினாடிக்குள் அது வடிந்துவிடும். அறுபது என்று நாம் நம்பும் எண்ணே கரைந்துபோகிற இடம் இது. தடை அதிகம் என்றால் பாதை அடைபட்டது என்று கணக்குப் போட்டுப் பழகிய பிள்ளை, இந்தத் தகட்டை உதவாக்கரை என்றே சொல்லும்.

வீட்டு எர்த்துக்கோ நியாயம் வேறு. அங்கே 230 வோல்ட்டை மின்வாரியம் விடாமல் தந்துகொண்டிருக்கிறது. இந்த இரண்டு எர்த்தையும் ஒரே வினாவில் வைத்துக் கேட்கும் வினாத்தாள்தான் எனக்கு வேண்டும். செம்புத் தகட்டுக்குப் போதுமான அதே 10 லட்சம் ஓம் வீட்டு எர்த்தில் இருந்தால், கோளாறு வந்தாலும் 0.23 மில்லி ஆம்பியர்தான் ஓடும். ஃபியூஸ் போகாது, கிரைண்டரைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்.