லோடு ஆவரேஜ்: பெயரில்லாத மூன்று எண்கள்

சர்வர் மெதுவா இருக்கு என்று யாராவது சொன்னதும் நம்மில் பலர் தட்டுவது 'டாப்' கட்டளையைத்தான். மேல் வரியிலேயே லோடு ஆவரேஜ். எட்டு கோர் உள்ள இயந்திரத்தில் 30 என்று காட்டினால் போச்சு. "சிபியு பத்தல, பெருசா ஒண்ணு எடுக்கணும்" என்று பணம் ஒதுக்கக் கேட்டு மெயில் கிளம்பிவிடும்.

என் புகார் இங்கேதான். லினக்ஸில் அந்த எண் சிபியுவை மட்டும் அளப்பதில்லை.

1970களின் டெனெக்ஸ் காலத்தில் இது சிபியுவுக்கான தேவையைத்தான் காட்டியது. 1993இல் லினக்ஸில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள்: எழுப்ப முடியாத உறக்கத்தில், அதாவது 'டி' நிலையில், கிடக்கும் நிரல்களையும் கூட்டிக்கொள்வது. காரணம் நியாயமானதுதான். ஸ்வாப் டிஸ்க் மெதுவானால் கணினியே திணறும், ஆனால் லோடு குறைந்ததாகக் காட்டும். அது அபத்தம் இல்லையா? (இந்தப் பழைய கதையை 2017இல் தோண்டி எடுத்தவர் பிரெண்டன் கிரெக்.) பிறகு டிஸ்க்கோடு சம்பந்தமே இல்லாத பல காத்திருப்புகளும் அதே 'டி' நிலைக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

விளைவு? என்எஃப்எஸ் சர்வர் ஒன்று தொங்கிவிட்டது என்று வையுங்கள். கிரான் மணிக்கு ஒரு தடவை 'டிஎஃப்' ஓட்டுகிறது. ஒவ்வொன்றும் மாட்டிக்கொண்டு லோடில் ஒன்றைக் கூட்டுகிறது. முப்பது மணி நேரத்தில் லோடு 30. சிபியுவோ சும்மா உட்கார்ந்திருக்கிறது! இரண்டு மடங்கு பெரிய இயந்திரம் வாங்கினாலும் அதே 30தான். 'விஎம்ஸ்டாட்' ஓட்டி முதல் இரண்டு பத்திகளைப் பார்த்திருந்தால் போதும்: 'ஆர்' சிபியுவில் ஓடுகிறவை, அதற்குக் காத்திருப்பவை, 'பி' உறக்கத்தில் மாட்டியவை.

'ஒரு நிமிட சராசரி' என்பதும் பேருக்குத்தான். சும்மா இருந்த இயந்திரத்தில் ஒரே ஒரு நிரலை முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள், 1 வராது, 0.63 அளவில் நிற்கும். பழையது மெல்லத் தேயும் கணக்கு அது. கெர்னல் மூலநிரலின் குறிப்பே இதை ஒரு அசட்டு எண் என்றுதான் சொல்கிறது. அப்புறம் ஏன் அதை இன்னும் முதல் வரியில் வைத்திருக்கிறார்கள்?

2018 கடைசியில் 4.20 கெர்னலோடு பிஎஸ்ஐ வந்தது. சிபியு, நினைவகம், ஐஓ மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. எதற்காக, எத்தனை சதவீத நேரம் வேலை தடைபட்டது என்று நேராகச் சொல்லும். எனக்கு இதுதான் உருப்படியான அளவு. ஆனால் சில லினக்ஸ் வெளியீடுகளில் இதை அணைத்தே வைத்துத் தருகிறார்கள், பூட் வரியில் 'பிஎஸ்ஐ=1' சேர்த்தால்தான் கண் திறக்கும்.