'வெள்ளை மொழி': அறக்கட்டளை நிதியும் திருநங்கை தன்வரலாறும்

விருத்தாசலத்திற்கு வடக்கே, உளுந்தூர்பேட்டை வட்டாரத்திலுள்ள கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் கூத்தாண்டவர் திருவிழா நிகழ்கிறது. நாடெங்குமிருந்து திருநங்கையர் கூடும் இவ்விழா, எச்.ஐ.வி. தடுப்புப் பரப்புரைக்கும் களமாயிற்று. கேட்ஸ் அறக்கட்டளை 2003இல் தமிழ்நாடு உள்ளிட்ட 6 மாநிலங்களில் தொடங்கிய 'ஆவாஹன்' திட்டமும் திருநங்கையரை நோய்த்தொற்று வாய்ப்பு மிக்க பிரிவினராகக் கருதியே நிதி வழங்கியது. வன்முறைத் தடுப்பும் அதில் இடம்பெற்றது; ஆயின் நோய்த்தடுப்பிற்குத் துணையாகவே இடம்பெற்றது. அந்நிதியால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை.

அ. ரேவதியின் 'வெள்ளை மொழி' (2011) என்னும் தன்வரலாறு இவ்வகைப்பாட்டிற்குள் அடங்குவதன்று. அண்ணன்மாரின் அடி, காவலரின் வன்முறை, குடும்பச் சொத்தில் கோரிய பங்கு, பெங்களூரில் 'சங்கமா' அமைப்பில் ஆற்றிய பணி ஆகியவற்றை அவர் ஒரே வாழ்வின் தொடர்ச்சியாக எழுதுகிறார். அவ்வாழ்வின் மையம் நோயன்று; பெண்ணாக ஏற்கப்பட வேண்டும் என்னும் கோரிக்கையே. எனவே இந்நூலைக் களப்பணிக்குரிய சான்றாவணமாக மட்டும் வாசிப்பது, நிதி வழங்குவோரின் வகைப்பாட்டைத் திறனாய்விற்குள்ளும் கொண்டுவருவதாகும். தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்றது. அதற்கு முன்பே அவ்வுரிமையைத் தமிழ்த் தன்வரலாற்றில் நிலைநாட்டியது என்பதே இந்நூலின் இலக்கியத் தகுதியாகும்.