கேட்போர் இல்லாத இசையா?

கலைஞனுக்கு அவை வேண்டுமா, வேண்டாவா என்னும் வினா மிகப் பழமையானது. 'வேண்டா' என்று விடை கூறியதோடு நில்லாமல், அவ்விடையின்படியே வாழ்ந்தும் காட்டியவர் கனடா நாட்டுப் பியானோ இசைஞர் கிளென் கூல்ட். 1932இல் டொராண்டோ நகரில் பிறந்த அவர், புகழின் உச்சியில் இருந்த காலத்திலேயே, 1964 ஏப்ரல் 10ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்த்திய கச்சேரியோடு மேடையைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது 31. 1982இல் மறையும் வரை அவர் மீண்டும் கச்சேரி மேடை ஏறவில்லை. ஒலிப்பதிவுக் கூடமும் வானொலியும் தொலைக்காட்சியுமே அவருடைய அரங்குகள் ஆயின. அவருடைய இந்தக் கொள்கையை எடைபோட்டுப் பார்ப்பதே நம் நோக்கம்.

முதலில் அவர் தரப்பைக் கேட்போம். கச்சேரி மண்டபம் கலைக்குரிய இடமன்று, அது ஒரு மற்போர்க் களம் என்பது அவர் கருத்து. கலைஞன் எப்போது இடறுவான் என்று காத்திருக்கும் கூட்டத்தின் முன்னே நல்ல இசை பிறக்காது என்றார். கைதட்டலையே ஒழித்துவிட வேண்டும் என்று 1962இல் எழுதினார். ஒலிப்பதிவின் எதிர்காலம் குறித்து 1966இல் எழுதிய நீண்ட கட்டுரையில், ஒரு நூற்றாண்டுக்குள் பொதுக் கச்சேரி என்பதே இல்லாமற் போகும் என்று முன்னுரைத்தார்.

அக்கட்டுரையில் அவர் தரும் சான்று ஒன்று சிந்திக்கத் தக்கது. பாக் இயற்றிய 'வெல் டெம்பர்ட் கிளேவியர்' முதல் தொகுதியிலுள்ள ஃபியூக் ஒன்றை அவர் பல முறை வாசித்துப் பதிவு செய்தார். ஆறாவது பதிவும் எட்டாவது பதிவும் பிழையற்றவை. ஆயினும் ஒன்றில் இறுக்கம் மிகுதி. மற்றொன்றில் களிப்பு மிகுதி. இரண்டின் ஒலிநாடாக்களையும் வெட்டி ஒட்டியபோது, தனித்தனியே எதிலும் இல்லாத நிறைவு கிடைத்தது. ஒரே காட்சியைப் பல முறை படமெடுத்துச் சிறந்தவற்றைக் கோக்கும் உரிமை திரைப்படம் எடுப்பவனுக்கு உண்டென்றால், இசைஞனுக்கு மட்டும் அது ஏன் இல்லை என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

இது ஏமாற்று வேலை என்று அன்று சிலர் பழித்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அரபி இலக்கியம் பயின்றோர் ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மாவின் 'ஹவ்லிய்யாத்' எனப்படும் ஓராண்டுக் கவிதைகளைப் பற்றி அறிவர். நினைத்த மாத்திரத்தில் கவி பொழிந்தோர் நிறைந்த அக்காலத்தில், அவர் ஒரு கவிதைக்கு ஓராண்டு செலவிட்டார் என்பர். திருத்தித் திருத்திச் செம்மை செய்தமைக்காக அவரை எவரும் போலிக் கவிஞர் என்று கூறவில்லை. செய்நேர்த்திக்கு உழைப்பவனை இகழ்வது கலையை அறியாதார் செயல். இதுவரை கூல்ட் சொல்வது சரியே.

ஆனால், அந்த ஓராண்டு எவ்வாறு கழிந்தது என்பதையும் அந்த வரலாறு கூறுகிறது. நான்கு மாதம் இயற்றுதல். நான்கு மாதம் செப்பனிடுதல். எஞ்சிய நான்கு மாதம் பிறரிடம் காட்டுதல்! நம் தமிழ்ப் புலவர்களின் அரங்கேற்றமும் இம்மூன்றாம் பகுதியைச் சார்ந்ததே. கூல்ட் தள்ளிவிட்டது இதைத்தான். 1974இல் தம்மைத் தாமே பேட்டி கண்டு எழுதிய கட்டுரையில், கலைஞன் ஒருவனுக்குக் கேட்போர் பூஜ்யம் என்பதே உயர்ந்த விகிதம் என்று அவர் கணக்கிட்டார். இக்கணக்கை நம்மால் ஏற்க இயலவில்லை.

அவருடைய வாழ்க்கையே இதற்கு மறுப்பாக நிற்கிறது. 1957இல் அவர் மாஸ்கோவில் முதன்முதலாக வாசித்தபோது, முன்பாதியில் மண்டபம் பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. இடைவேளையில் வந்திருந்தோர் தம் நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்தனர். பின்பாதியில் மண்டபம் நிரம்பி வழிந்தது. இடறுவதைக் காண ஓடிவந்த கூட்டமா அது? மேலும், 1962 ஏப்ரலில் நியூயார்க்கில் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோவை அவர் வாசிக்குமுன், இசைக்குழுவை நடத்திய லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் அவையோரை நோக்கி, கூல்ட் கொண்ட காலப்பிரமாணத்தில் தமக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். கூறிவிட்டு, அவர் விரும்பியபடியே நடத்தியும் கொடுத்தார். இரு அறிஞர்களின் கருத்து வேற்றுமை மக்கள் முன்னிலையில் இசையாகவே நிகழ்ந்தது. வெட்டி ஒட்டும் கூடத்தில் இது நிகழ்ந்திருக்க முடியுமா?

அவர் விரும்பிப் பார்த்த திரைப்படமும் நம் பக்கமே சாட்சி சொல்கிறது. ஹிரோஷி தெஷிகஹாரா இயக்கி, 1964இல் வெளிவந்த 'மணற்குன்றுப் பெண்' என்னும் ஜப்பானியப் படத்தை அவர் நூறு முறைக்கு மேல் பார்த்ததாகக் கூறுவர். மணற்குழி வீடு ஒன்றில் சிறைப்பட்ட மனிதன், நாள்தோறும் மணலை அள்ளிக்கொண்டே வாழ்கிறான். தப்பிச் செல்ல வழி திறந்திருந்தும் இறுதியில் அவன் போகவில்லை. மேடையை விட்டு அடைந்த அறையில் தங்கிவிட்ட கூல்ட், அவனிடம் தம்மைக் கண்டிருக்கலாம். ஆனால் அவன் ஏன் தங்கினான் என்பதைக் கவனிக்க வேண்டும். மணலிலிருந்து நீர் சேகரிக்கும் முறையை அவன் கண்டுபிடித்துவிட்டான். அதன் அருமையை உணரக்கூடியவர்கள் அந்த ஊரார்தாம். அவர்களிடம் அதைச் சொல்ல வேண்டும்! தனிமையில் கண்டதற்குக் கேட்போரைத் தேடுகிறான் அவன். பூஜ்யக் கணக்கு அப்படத்திலேயே பொய்த்துவிடுகிறது. நள்ளிரவில் நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்து மணிக்கணக்கில் பேசும் பழக்கம் கூல்டுக்கு இருந்தது என்பதும் நோக்கத் தக்கது.

அவர் கேட்போரை முற்றும் வெறுத்தார் என்று நாம் கூற வரவில்லை. வீட்டில் தனித்திருந்து, கருவியின் குமிழ்களைத் தன் விருப்பப்படி திருகிக் கேட்பவனே இசையில் பங்காளி ஆவான் என்று அவர் நம்பினார். இன்று காதுக்குள் கருவியைச் செருகிக்கொண்டு, ஒரே வீட்டில் தந்தை ஒன்றும் மகன் ஒன்றும் கேட்கும் காலம். மண்டபங்கள் மறையவில்லையாயினும் அவருடைய கனவு பெருமளவு பலித்துவிட்டது. ஆனால், தனித்துக் கேட்பவன் பெறுகிறானேயன்றி மறுமொழி தருவதில்லை. அவையின் பெருமை கைதட்டலில் இல்லை, மறுமொழியில்தான் இருக்கிறது.

பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' என்னும் படைப்பைக் கூல்ட் 1955இல் ஒரு முறையும் 1981இல் மறுமுறையும் பதிவு செய்தார். முன்னது சுமார் 38 நிமிடம். பின்னது சுமார் 51 நிமிடம். சில பகுதிகளை மீள வாசித்தது ஒரு காரணம் எனினும், தொடக்க இசைப்பகுதியே முன்னதில் இரண்டு நிமிடத்திற்குள் முடிய, பின்னதில் மூன்று நிமிடத்தைக் கடக்கிறது. இளமையின் வேகத்திற்கு முதுமையை நெருங்கியவர் நிதானமாக அளித்த மறுமொழி அது. அவைக்கு இடமளிக்காதவர் தமக்குத் தாமே அவையாக இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தார் எனலாம். இரண்டு பதிவுகளும் இன்று எளிதில் கிடைக்கின்றன. வீட்டார் ஒன்றாக அமர்ந்து அவற்றை அடுத்தடுத்துக் கேளுங்கள். எது சிறந்தது என்று வாதிடுங்கள். கூல்ட் வேண்டாவென்று ஒதுக்கிய அவை அங்கே கூடிவிடும்.