ட்ராக் போட்டால் பாடகர் வளர்வாரா?

காவேரிப்பாக்கம், வாலாஜா, ஆம்பூர் பக்கத்தில் புதிதாகப் பாட வரும் பிள்ளைக்கு முதல் மேடை பெரும்பாலும் சபாவில் கிடைப்பதில்லை. கோயில் திருவிழா இன்னிசைக் கச்சேரியில்தான் கிடைக்கிறது. வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஆடி பிறந்தால் ஊருக்கு ஊர் கூழ் ஊற்றுகிறார்கள். மேடைக்குப் பஞ்சமில்லை. அங்கே ஏறுகிறவர் பாடகராகிறாரா, வேறொருவரின் நகலாகிறாரா என்பதே கேள்வி.

மெல்லிசை மேடையைக் குறைத்து எடைபோட வேண்டாம். பண்ணைப்புரத்து இளையராஜா பதின்வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஏறினார். பெண் குரலில் பாடிக்கொண்டிருந்தவர், குரல் உடைந்ததும் ஆர்மோனியத்தைப் பிடித்துக்கொண்டார். எது நேர்ந்தாலும் கச்சேரி நிற்கக் கூடாது என்ற துணிச்சல் அப்படித்தான் வருகிறது. பின்னாளில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குழுவிலும் வாசித்தார். ஆனால் இசையை எழுதப் படிக்க, சென்னைக்கு வந்த பிறகு இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரிடம்தான் உட்கார வேண்டியிருந்தது. அவர் இசையமைத்த ‘அன்னக்கிளி’ படம் 1976இல் வந்தபோது இரண்டு படிப்பும் கைகொடுத்தன.

மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தப் பயிற்சி எவ்வளவு கடுமையானது என்று புரியும். பாடகரின் நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ஸ்ருதி குறித்திருக்கும். தொண்டை திறக்கட்டும் என்று முதலில் பிள்ளையார் பாட்டு. அரை மணியில் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரத் தொடங்கும். பாதி தெரிந்த பாட்டென்றால் பல்லவியோடு ஒரு சரணம் பாடி ஒப்பேற்ற வேண்டும். டிரம்ஸ் ஓடினால் இழுத்துப் பிடிக்க வேண்டும். கீபோர்டுகாரர் ஸ்ருதி மாற்றி எடுத்துவிட்டால் கண்ஜாடையில் சரிசெய்ய வேண்டும். கைவசம் முப்பது பாட்டாவது இல்லாதவர் மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியாது.

குறை எங்கே? “அப்படியே எஸ்.பி.பி. மாதிரி!” என்ற பாராட்டில். அந்தக் கைதட்டலுக்குப் பழகியவர் மூச்சை, குழைவை, சிரிப்பைக்கூட அசலைப் பார்த்து எடுக்கிறார். பாட்டுக் கணக்கு ஏறுகிறது. தன் குரல் எது என்று அவருக்கே தெரியாமல் போகிறது.

இப்போது வாத்தியக்காரர்களைக் குறைத்துவிட்டு, முன்பே பதிவுசெய்த பின்னணி இசையான ட்ராக்கை ஓடவிட்டுப் பாடவைக்கும் வழக்கம் பரவுகிறது. விழாக் குழுவுக்குச் செலவு மிச்சம், அது நியாயமான கவலைதான். ஆனால் ட்ராக்கில் வேகமும் ஸ்ருதியும் முன்பே முடிவானவை. தடுமாறினால் தாங்கிப் பிடிக்க ஆளில்லை, பிறர் தடுமாறினால் தாங்கும் பழக்கமும் வராது. பழைய மேடையின் பலம் போய், நகலெடுக்கும் குறை மட்டும் மிஞ்சுகிறது. வீட்டில் ஒத்திகைக்கு ட்ராக் நல்லது. மேடையில் அது பழகுபவருக்குக் கெடுதல்.

விழாக் குழுவினர் முதல் ஒரு மணி நேரத்துக்காவது தபேலா, கீபோர்டு, கிட்டார் வாசிக்கிறவர்களை உட்காரவைக்க வேண்டும். அந்த நேரத்தில் உள்ளூர்ப் பிள்ளை ஒருவருக்கு இரண்டு பாட்டு கொடுங்கள். அதில் ஒன்று, அவரே மெட்டமைத்த பாட்டாக இருக்கட்டும்.